துறைகள் பல; கிணறு ஒன்று

விஞ்ஞானத் துறைகளை இணைத்துக் கற்பித்தல் வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் நமது பல்கலைக்கழகங்களிலும் வலுத்து வருகின்றது. பாடத்திட்டக் குழுக்களிலே அது பழகிய சொல்லாகிவிட்டது. சொல் பழகிய அளவுக்குப் பொருள் பழகியதா என்பதே நாம் ஈண்டு ஆராய வேண்டிய வினாவாகும். நான்காண்டு கற்றுச் சிறப்புப் பட்டம் பெறும் மாணவர் விடயத்தில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

நமது கல்வி முறை மாணவரைப் படிப்படியாக ஒடுங்கிய பாதையிற் செலுத்துவது. உயர்தர வகுப்பிலேயே உயிரியற் பிரிவு, பௌதிக விஞ்ஞானப் பிரிவு என இரு வழிகள் பிரிகின்றன. முன்னதிற் சென்றோர் உயர் கணிதத்தை விட்டு விலகுகின்றனர். பின்னதிற் சென்றோர் உயிரினங்களைக் கைவிடுகின்றனர். பல்கலைக்கழகம் புகுந்து, ஓரிரு ஆண்டுகள் இரண்டு மூன்று பாடங்களைப் பயின்ற பின், நற்புள்ளி பெற்றோர் ஒரு பாடத்திற் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகின்றனர். கெட்டிக்காரர்களே மிக ஒடுங்கிய வழியில் விடப்படுகின்றனர் என்க. 1959 இல் கேம்பிரிட்ஜிலே சொற்பொழிவாற்றிய சி. பி. ஸ்னோ, விஞ்ஞானிகளும் இலக்கியவாதிகளும் ஒருவரையொருவர் அறியாதிருத்தலைச் சுட்டிக் கவலையுற்றார். இன்றோ விஞ்ஞானத்துக்குள்ளேயே சுவர்கள் பல எழுந்துள்ளன.

இதனால் விளையும் கேடு யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே குடிநீரும் தோட்டத்து நீருமாகும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அதனை மண் பற்றி வைத்துக்கொள்வதில்லை; மழை பெய்யுந்தோறும் நீர் பாய்ச்சுந்தோறும் அது கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அதுவே வந்து சேர்கின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. செறிந்து பயிர் செய்யும் செம்மண் பகுதிகளிலே பல கிணறுகள் அவ்வெல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைப்பதாலும் பயனில்லை. நீர் ஆவியாக நைத்திரேற்று எஞ்சிச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியை ஒவ்வொரு துறை அறியும். நீரை அளப்பவர் இரசாயனவியலாளர். நுண்ணுயிரை அறிபவர் உயிரியலாளர். பாறையை அறிபவர் புவியியலாளர். குழந்தையைப் பார்ப்பவர் வைத்தியர். முழுச் சங்கிலியையும் ஒருங்கே காணப் பயின்றவர் எத்துணைப் பேர்? 2014 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015 இலும் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாக எழுந்தபோது, நிபுணர் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதனை நம்புவது என்றறியாது மக்கள் திகைத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்று, 2019 இலேயே தீர்ப்புக் கிட்டியது.

நாடளாவிய உதாரணமும் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து விவசாயிகள் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. பசளை மிகுந்தாற் கிணறு கெடுகின்றது. முற்றாக நின்றால் வயல் வாடுகின்றது. எம்மண்ணில், எப்பயிருக்கு, எப்போது, எவ்வளவு என்ற வினா இவ்விரண்டுக்கும் இடையிலே நிற்கின்றது. அதற்கு விடை கூறத் தனியொரு துறையால் இயலாது.

இணைப்புக் கல்வி என்றவுடன், ஒவ்வொரு பாடத்திலும் சிறிது கிள்ளிப் போட்டுப் புதிய விரிவுரைத் தொகுதியொன்றை அமைப்போர் உளர். அது ஏட்டுச் சுரைக்காய். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2009 இல் தொடங்கிய சிறப்புப் பட்ட நெறியிலே, மாணவர் கூட்டாக ஆய்வுப் பணிகளைச் செய்தே பல விஞ்ஞானங்களையும் இணைத்துக் கற்கின்றனர். நமக்கும் அவ்வழியே உகந்தது. மூன்றாமாண்டிலே பல துறை மாணவர் அறுவரை ஒரு குழுவாக்கி, ஒரு கிராமத்துக் கிணறுகளை அவர்களிடம் ஒப்படைக்கலாம். கோடையிலும் மாரிக்குப் பின்னரும் நீரை அளந்து, தோட்டத்துப் பசளைக் கணக்கெடுத்து, ஒரே அறிக்கையை அவர்கள் எழுதவேண்டும். வாய்மொழிப் பரீட்சையில் விலங்கியல் மாணவியிடம் நைத்திரேற்றை அளந்த முறையையும், இரசாயனவியல் மாணவனிடம் குருதியில் நிகழும் மாற்றத்தையும் வினவவேண்டும். பரீட்சையில் வினவாததை நம் மாணவர் கற்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே.

இதனால் ஆழம் குன்றும் என அஞ்சுவோரின் அச்சத்தைப் புறந்தள்ளல் ஆகாது. அளக்கத் தெரியாத அறுவர் கூடினும் அளவு சரியாகாது. ஆகவே இறுதியாண்டு ஆய்வு மாணவர் தத்தம் துறையிலேயே அமைதல் நன்று. ஆழங் கற்றவர் அயலவருடன் பேசவுங் கற்கவேண்டும் என்பதே நம் கருத்து.

உண்மையான தடை ஆசிரியரிடத்தும் நிருவாகத்திடத்தும் உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் இருக்க, விவசாய பீடம் ஆனையிறவுக்கு அப்பால் கிளிநொச்சியில் உளது. புவியியலோ கலைப் பீடத்தைச் சார்ந்தது. இரு பீடத்து ஆசிரியர் ஒரே வகுப்பிற் கற்பித்தால் அவ்வேலை யார் கணக்கிற் சேரும், புள்ளியிடுபவர் யார் என்பன சிறிய வினாக்களாகத் தோன்றலாம். நல்ல திட்டங்கள் பல இவற்றிலேதான் இடறி விழுகின்றன. இவற்றுக்கு முதலில் விடை காணுதல் பல்கலைக்கழகத்தாரின் கடன்.

இன்னுமொன்று. விஞ்ஞான பீடங்களிலே போதனை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. கிணற்றுச் சொந்தக்காரரோ தமிழர். மாணவர் தம் அறிக்கையின் சாரத்தை நல்ல தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, அக்கிராமத்தாரிடம் வாசித்துக் காட்டவேண்டும் என்றும் விதித்தல் வேண்டும். தோட்டக்காரர் கேட்கும் முதல் வினாவுக்கு விடை கூற முடிகின்றதா என்பதே அவர்தம் கல்விக்குக் கடைசிப் பரீட்சையாகும்.