காற்றுக்கு வழி விட்ட வீடு

பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் எங்களை மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். ஊருக்குச் சற்று வடக்கே, சவுக்குத் தோப்பின் நடுவே, ஜன நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு பங்களா. அதை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். "ஸார், அசல் ஜப்பான் வீடு!" என்று செங்கற்பட்டிலேயே சொல்லி எங்கள் ஆவலைக் கிளப்பிவிட்டிருந்தார்.

வீடு அழகாகத்தான் இருந்தது. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள். உள்ளே நாற்காலி என்பதே கிடையாது. தரை முழுதும் பாய். முழங்காலுக்கும் தாழ்ந்த மேஜை ஒன்று. அறைக்கு அறை மரச் சட்டமிட்ட தள்ளு கதவு. என் மனைவி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "செருப்பை வெளியே விட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கா இத்தனை வாடகை? என் பாட்டி வீட்டில் இதெல்லாம் இனாமாகவே நடந்ததே!" என்றாள்.

தள்ளு கதவில் காகிதம் இருக்கும் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் தகடு! "முதலில் காகிதந்தான், ஐயா. ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை" என்றார் காவற்காரப் பெரியவர். கடல் பக்கத்துச் சுவரோ முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி. இரவெல்லாம் குளிர்சாதன யந்திரம் இரைந்தது. அலையோசை காதில் விழவேயில்லை. பெரியவர் மட்டும் வெளியே மணலில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு சுகமாக உறங்கினார்.

இதில் ஜப்பானியர் மேல் குற்றமில்லை. அவர்கள் நாட்டுப் பழைய வீடுகளில் காகிதக் கதவு தனியாக நிற்பதில்லை. அகன்ற இறவாரம் மழையைத் தடுக்கும். புயல் வந்தால் மூடுவதற்கு வெளிப்புறம் மரக் கதவு உண்டு. கோடையில் கதவுகளையெல்லாம் தள்ளிவிட்டால், வீடு முழுவதுமே ஒரு திண்ணையாகிவிடும். தாதாமி என்னும் அவர்களுடைய பாயும், வைக்கோலை அழுத்தி மேலே ஒருவகைக் கோரை நெய்து செய்வதுதான். அந்த வீட்டின் ஜீவன் காகிதத்தில் இல்லை. காற்றுக்கு வழி விடுவதில் இருக்கிறது.

அதை அறிந்து கட்டியவர்களும் நமது கரையிலேயே இருந்திருக்கிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து அதே சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே அரவிந்த ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டா' என்னும் ஜாகைக்கு 1937-ல் வேலை தொடங்கியது. திட்டமிட்ட ஆண்டனின் ரேமண்ட், 1919-ல் டோக்கியோவுக்குப் போய் அங்கேயே தொழில் நடத்திய சிற்பி. கட்டட வேலையை ஆரம்ப காலத்தில் அருகிருந்து கவனித்தவர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்தவரான ஜார்ஜ் நகாஷிமா. அவ்விருவரும் காகிதக் கதவைக் கப்பலில் ஏற்றி வரவில்லை. வெளிப்புறம் சாய்த்துத் திருப்பக்கூடிய நீண்ட பலகைகளை வரிசையாக அமைத்தார்கள். உட்புறம் காற்று நுழையும் தேக்குத் தள்ளு கதவுகள். தரைக்குக் கடப்பைக் கல். சுவருக்கு நம் சுண்ணாம்புச் சாந்து. வெயிலும் மழையும் வெளியே நிற்கும். காற்று மட்டும் தாராளமாக உள்ளே வரும். கருத்து ஜப்பானிலிருந்து வந்தது. கல்லும் சுண்ணாம்பும் இந்த மண்ணிலேயே கிடைத்தன. பிறரிடமிருந்து கற்றுக்கொள்வதென்றால் இதுவல்லவா கற்றுக்கொள்வது!

இப்படியெல்லாம் திரும்பி வரும்போது காரில் பிரசங்கம் செய்துகொண்டே வந்தேன். செங்கற்பட்டு எல்லையில் கொளவாய் ஏரிக் காற்று முகத்தில் வீசியது. என் மனைவி மெதுவாக, "நம் வீட்டுத் திண்ணைக்கு இந்தக் காற்று வந்து எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டாள்.

எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. என் தகப்பனார் மாலை வேளைகளில் சாய்ந்திருந்த திண்ணை அது. வழிப்போக்கரும் அங்கே படுத்து எழுந்து போனதுண்டு. இரண்டு வருஷத்துக்கு முன், ஸ்கூட்டருக்குப் பத்திரமான இடம் வேண்டுமென்று, அதில் பாதியை இடித்து மீதியைத் தகரமும் கம்பியும் போட்டு அடைத்தவன் வேறு யாருமல்ல, நான்தான். பங்களாக்காரரைப் பரிகாசம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை?

மறுநாளே கொத்தனாரை வரவழைத்துத் தகரத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். இடித்த பாதியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் காற்று வருகிறது. ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது என்ற பிரச்னைதான் இன்னும் தீரவில்லை.