கப்பலேறும் அரிசிக்குக் கணக்கு இருக்கிறது, அனுப்பியவருக்கு இருக்கிறதா?

2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த மாதம் 25-ம் தேதி புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. உள்நாட்டில் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. மழை பொய்த்தால் தட்டுப்பாடு வரும் என்ற பயமும் இருந்தது. ‘முதலில் நம் வீட்டு உலை, பிறகு வெளிநாடு’ என்ற அந்த நியாயத்தை யாரும் சட்டென்று மறுத்துவிட முடியாது. 2024 செப்டம்பர் 28-ல் தடை நீங்கியது. அக்டோபர் 22-ல் வரியும் போனது.

இந்த 14, 15 மாதங்களில் எத்தனை டன் அரிசி குறைவாகப் போனது, எத்தனை டாலர் வரவில்லை என்று கேட்டால் அரசிடம் பதில் இருக்கிறது. துறைமுகம் வாரியாக, நாடு வாரியாக, மாதம் வாரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் வேறு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எத்தனை ரைஸ் மில்கள் இந்த முடிவால் அடி வாங்கின? அவற்றில் 10 பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் சின்ன மில்கள் எத்தனை? ஏற்றுமதியே வேண்டாம் என்று ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேர்?

இதற்குப் பதில் சொல்லும் அட்டவணை எதையும் அரசு வழக்கமாக வெளியிடுவதில்லை. பொருளை எண்ணுகிறோம், பணத்தை எண்ணுகிறோம், அனுப்பியவரை எண்ணுவதில்லை. இது ஏதோ புள்ளிவிவர நிபுணர்களின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். டெல்டா விவசாயிக்குக் கிடைக்கும் நெல் விலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

இரண்டு கணக்கு, இரண்டு அலுவலகம்

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற ஒவ்வொருவரும் சுங்கத் துறையில் ‘ஷிப்பிங் பில்’ தாக்கல் செய்ய வேண்டும். என்ன பொருள், எவ்வளவு எடை, என்ன விலை, எந்த நாட்டுக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். அனுப்புபவரின் ஐஇசி என்ற ஏற்றுமதி - இறக்குமதி எண்ணும் இருக்கும். இந்தப் பில்களைத் தொகுத்துத்தான் கொல்கத்தாவில் இருக்கும் வர்த்தகத் தகவல் மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம் நாட்டின் ஏற்றுமதிக் கணக்கை வெளியிடுகிறது. அப்படி வெளியாகும்போது பொருளும் நாடும் மிஞ்சும், அனுப்பியவர் யார், எப்பேர்ப்பட்டவர் என்பது உதிர்ந்துபோகும்.

இன்னொரு பக்கம், தொழில் நிறுவனங்களைப் பற்றிய கணக்கு தனியாக இருக்கிறது. பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்கு ஆண்டுத் தொழில் ஆய்வு. சிறு, குறு தொழில்களுக்கு உத்யம் பதிவு. எல்லாருக்கும் பொதுவாக ஜிஎஸ்டி. இவற்றில் நிறுவனத்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, முதலீடு, இடம் இவற்றில் ஏதாவது ஒன்றாவது தெரியும். ஆனால் அந்த நிறுவனத்தின் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, ஒரே நாட்டை நம்பி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது.

இந்த இரண்டு கணக்கையும் ஒரே நூலில் கோப்பதுதான் இங்கே பேசப்படும் விஷயம். உலகத்துக்கு இது புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் சுங்கப் பதிவுகளை வணிகப் பதிவேட்டோடு இணைத்து, எந்த அளவுள்ள நிறுவனம் எவ்வளவு ஏற்றுமதி செய்கிறது என்று தொடர்ந்து அட்டவணை வெளியிடுகின்றன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையும் இதை ஆண்டுதோறும் செய்கிறது. அங்கே ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் சுமார் 97 சதவீதம் சிறிய, நடுத்தர நிறுவனங்கள். ஆனால் ஏற்றுமதி மதிப்பில் அவற்றின் பங்கு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். டாலர் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தச் சித்திரம் கண்ணில் படவே படாது.

நாமே ஒருமுறை செய்து காட்டியதுதான்

இந்தியாவில் இது முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, புதிதாக வந்த ஜிஎஸ்டி தரவுகளை வைத்து நிறுவன அளவில் ஏற்றுமதியை ஆராய்ந்தது. இந்தியாவின் ஏற்றுமதியில் 70 சதவீதம் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு, தெலங்கானா ஆகிய 5 மாநிலங்களிலிருந்து போகிறது என்று சொன்னது அந்த அறிக்கைதான். அதைவிட முக்கியமான தகவல் ஒன்றும் அதில் இருந்தது. இந்திய நிறுவனங்களில் உச்சியில் இருக்கும் 1 சதவீதம், மொத்த ஏற்றுமதியில் 38 சதவீதத்தைத்தான் வைத்திருக்கிறது. அதே உச்சி 1 சதவீதத்தின் பங்கு பிரேசிலில் 72, ஜெர்மனியில் 68, மெக்சிகோவில் 67, அமெரிக்காவில் 55.

மற்ற நாடுகளை ஒப்பிட்டால் நம் ஏற்றுமதி நிறையப் பேர் கையில் பரவிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒரு தடையோ வரியோ வரும்போது அடி விழுவதும் நிறையப் பேர் மேல்தான். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதை மாவட்டம் வாரியாக, நிறுவன அளவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கமாக நாம் மாற்றவில்லை.

சாவி கையில்தான் இருக்கிறது

இணைப்பதற்குப் பொதுவான ஒரு எண் வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது: பான் எண். ஜிஎஸ்டி வந்த 2017 முதல் ஐஇசி எண்ணும் பான் எண்ணும் ஒன்றாகிவிட்டன. 15 எழுத்து, எண்கள் கொண்ட ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான். உத்யம் பதிவும் பான் எண்ணோடு பிணைந்ததுதான். 2020 பிப்ரவரி 15 முதல் ஷிப்பிங் பில்லில் சரக்கு எந்த மாநிலம், எந்த மாவட்டத்தில் உருவானது என்று குறிப்பிடுவதும் கட்டாயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இணைப்பு தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஏற்றுமதியாளருக்கு ஜிஎஸ்டியைத் திருப்பித் தரும் முன், அவர் தாக்கல் செய்த ரிட்டர்னையும் ஷிப்பிங் பில்லையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு எண் தப்பினாலும் பணம் நின்றுவிடும். வரிக்காக ஒப்பிட முடிகிறது என்றால், கொள்கைக்காக ஏன் ஒப்பிடக் கூடாது?

நெல் போகும் பாதை

சரி, இணைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா? அதுதான் இல்லை. டெல்டாவின் கதை இங்கேதான் சிக்கலாகிறது.

டெல்டா நெல்லில் பெரும்பங்கு தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களுக்குப் போகிறது. அது ரேஷன் அரிசியாகும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலோ, கொள்முதல் தாமதமானாலோ, கூடுதல் விலை கிடைத்தாலோ, நெல் தனியார் வியாபாரியின் லாரியில் ஏறும். அந்த லாரி மண்ணச்சநல்லூருக்குப் போகலாம், காங்கேயத்துக்குப் போகலாம். அங்கே அரைத்து, சலித்து, மூட்டை கட்டி, தூத்துக்குடியிலோ சென்னையிலோ இருக்கும் ஏற்றுமதி வியாபாரி மூலம் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ கப்பல் ஏறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். திருவாரூர் மாவட்டத்தில் விளைந்த நெல் காங்கேயத்தில் அரைபட்டுச் சென்னை வியாபாரி பெயரில் போனால், ஷிப்பிங் பில்லில் இருப்பது சென்னைக்காரரின் பான் எண். மாவட்டம் என்ற இடத்தில் திருப்பூர் என்று பதிவாகவே வாய்ப்பு அதிகம். திருவாரூர் எங்குமே வராது. “நம்ம நெல்லுதாங்க மலேசியா போகுது” என்று டெல்டாக்காரர் பெருமையாகச் சொல்லலாம், காகிதத்தில் அதற்குச் சாட்சி இல்லை.

தடைக் காலத்தில் இது இன்னும் மங்கியது. நட்பு நாடுகளுக்கு மட்டும் என்று அரசு ஒதுக்கீடு செய்தது: சிங்கப்பூருக்கு 50,000 டன், மலேசியாவுக்கு 1,70,000 டன். அனுப்பும் பொறுப்பு தேசிய கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனத்திடம் போனது. பல இடத்தில் விளைந்து, பல மில்களில் அரைபட்ட அரிசி, ஏட்டில் ஒரே ஏற்றுமதியாளரின் அரிசியாகிவிட்டது.

இதைச் சரிசெய்யவும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2017 அக்டோபர் முதல், ஏற்றுமதி வியாபாரிக்குச் சரக்கு கொடுக்கும் உற்பத்தியாளர் 0.1 சதவீத ஜிஎஸ்டி மட்டும் செலுத்தும் சலுகை உண்டு. அதற்கு நிபந்தனை, சரக்கு கொடுத்தவரின் ஜிஎஸ்டி எண்ணை வியாபாரி தன் ஷிப்பிங் பில்லில் குறிப்பிட வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைநார்ப் பொருளோ, நாச்சியார்கோவில் குத்துவிளக்கோ இந்தச் சலுகையில் போனால், பின்னால் இருக்கும் பட்டறையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை அரிசிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. வரி இல்லாததால் சலுகையும் இல்லை, சலுகை இல்லாததால் அந்தக் குறிப்பும் இல்லை. டெல்டாவின் முதல் பொருள் இப்படித்தான் கணக்கிலிருந்து நழுவுகிறது.

யார் சின்னவர், யார் பெரியவர்?

இன்னொரு பொறியும் இருக்கிறது. நிறுவனத்தின் அளவை உத்யம் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். 2025 ஏப்ரல் முதல், முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். ஆனால் அந்த விற்றுமுதலைக் கணக்கிடும்போது ஏற்றுமதி வருமானத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. ஏற்றுமதியை ஊக்குவிக்க வந்த நல்ல விதிதான். ஆனால் பல கோடிக்கு ஏற்றுமதி செய்யும், பெரிதாக இயந்திரம் எதுவும் இல்லாத ஒரு நிறுவனம், இந்தக் கணக்கில் ‘குறு’ என்ற பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அதை அப்படியே இணைத்தால், ‘குறுந்தொழில்கள் ஏற்றுமதியில் கொடிகட்டிப் பறக்கின்றன’ என்று ஒரு பொய்யான மகிழ்ச்சிதான் மிஞ்சும். அதனால் அளவை ஆட்களின் எண்ணிக்கையை வைத்து அளப்பதே பாதுகாப்பு.

தொழில் ரகசியம் என்னாகும்?

இது நியாயமான கேள்வி. யார், யாருக்கு, என்ன விலைக்கு அனுப்புகிறார் என்பது வெளியே தெரிந்தால் தொழில் போச்சு. 2022 நிதிச் சட்டத்தின் மூலம் சுங்கச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 135ஏஏ பிரிவு, ஏற்றுமதி விவரங்களை அனுமதியின்றி வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான்.

ஆனால் நாம் கேட்பது பெயர்ப் பட்டியல் இல்லை. ‘இந்த மண்டலத்தில், இந்த அளவுள்ள, இத்தனை நிறுவனங்கள்’ என்ற கூட்டுத்தொகை மட்டும்தான். ஒரு கட்டத்தில் இரண்டு, மூன்று நிறுவனங்கள்தான் இருக்கின்றன என்றால், எண்ணைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் அந்தக் கட்டத்தை மறைத்துவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மயிலாடுதுறை போன்ற சிறு மாவட்டத்தைத் தனியாகக் காட்டினால் பாதிக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். டெல்டா மாவட்டங்களைச் சேர்த்து ஒரே மண்டலமாகக் காட்டினால் ரகசியமும் காக்கப்படும், தகவலும் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் இல்லை. மத்திய அரசு, சுங்கம், ஜிஎஸ்டி, உத்யம் மூன்றையும் பான் எண் வழியே இணைத்து ஆண்டுக்கு ஒரு அட்டவணை வெளியிட வேண்டும். எத்தனை நிறுவனம், எந்த அளவு, எத்தனை நாடு, புதிதாக வந்தவர் எத்தனை, விலகியவர் எத்தனை என்ற ஐந்து கேள்விக்கு அதில் பதில் இருந்தால் போதும். அரிசிக்கு ஜிஎஸ்டி இல்லாவிட்டாலும், அரைத்த மில்லின் எண்ணையும் நெல் வந்த மாவட்டத்தையும் ஷிப்பிங் பில்லில் கேட்கலாம். ‘மாவட்டங்களே ஏற்றுமதி மையங்கள்’ திட்டத்தில் ஆட்சியர் தலைமையில் அமைந்த மாவட்டக் குழுக்கள் இந்த அட்டவணை தங்களுக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும். மாநில அரசின் பொருளியல், புள்ளியியல் துறையும் அதில் கைகோக்க வேண்டும்.

இதனால் தடையே வராது என்று சொல்லவில்லை. நாட்டின் பசி முதலில் என்றால் தடை மறுபடியும் வரலாம். ஆனால் 2023-ல் காக்கிநாடாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போகும் மலிவான புழுங்கல் அரிசிக்கும், மலேசியத் தமிழர் வீட்டுக்குச் சின்னப் பைகளில் போகும் பொன்னி புழுங்கலுக்கும் ஒரே வரி விழுந்தது. இரண்டையும் அனுப்புகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், அவர்கள் தாங்கும் சக்தியும் வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டும் அட்டவணை மேசையில் இருந்திருந்தால், சின்ன மில்களுக்கு ஒரு அவகாசமோ, வங்கிக் கடனில் ஒரு தளர்வோ, ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்கு ஒரு விலக்கோ கேட்கவாவது ஆதாரம் இருந்திருக்கும். மில் வாங்காவிட்டால் வியாபாரி வாங்க மாட்டார். வியாபாரி வாங்காவிட்டால் களத்தில் கிடக்கும் சம்பா நெல்லின் விலைதான் இறங்கும். அடுத்த தடை உத்தரவு வருவதற்கு முன்பே அந்த அட்டவணை தயாராக வேண்டும்.