முகம் பொருந்தினால் மீட்டர் பொருந்துமா?

பி.காம் படிக்கிறவனுக்குப் பழைய கார் மீட்டரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்குங்க. டேஷ்போர்டும் ஒரு கணக்குப் புத்தகம்தான். எவ்வளவு தூரம் ஓடியது, டேங்கில் எவ்வளவு மிச்சம், இப்போது என்ன வேகம், எல்லாம் அதில்தான் பதிவாகிறது. கையெழுத்து அழகாக இருந்தால் கணக்கு சரியாகிவிடுமா? பழைய காரை மாற்றிக் கட்டுகிறவர்களில் நிறைய பேர் கையெழுத்தை மட்டும் பார்த்து மீட்டர் வாங்குகிறார்கள் என்பதுதான் என் புகார்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. (எம்.ஜி.ஆர் இல்லை சாமி, எம்.ஜி.பி!) இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இன்றைக்கும் பிரித்துப் பூட்ட ஆள் இருக்கிறது, உதிரி பாகம் கிடைக்கிறது. அதனால் இதில் கை வைக்காத ஆளே இல்லை. ஒருவர் எஞ்சினை மாற்றுவார், இன்னொருவர் கியர்பாக்ஸை, மற்றொருவர் பின் ஆக்ஸிலை. கடைசியில் பழைய சந்தையில் ஒரு ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரைத் தேடிப் பிடித்து மாட்டுவார்கள். அதே கருப்பு டயல், அதே எழுத்து, அதே வளையம். "அச்சு அசல் பொருந்திடுச்சு!"

பொருந்தவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அந்தக் கால ஸ்பீடோமீட்டருக்கு வேகம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு கேபிளின் சுற்று மட்டும். கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் சுற்றச் சுற்ற, அதைத் தொடாமலே மூடியிருக்கும் ஒரு உலோகக் கிண்ணம் கூடவே இழுபடும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய ஐடியா இது.

அப்படியானால் ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் எல்லாம். அந்த எண்ணை ஸ்மித்ஸ் கம்பெனி டயலிலேயே சின்னதாக அச்சடித்திருக்கிறது. எம்.ஜி.பி மீட்டர்களில் 1280 என்று போட்டதும் உண்டு, 1000 என்று போட்டதும் உண்டு. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணக்கில் இரண்டும் வேறு வேறு ஜாதகம்.

இப்போது ஆக்ஸிலுக்கு வருவோம். சாதாரண எம்.ஜி.பி-யில் ஷாஃப்ட் 3.909 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 1973 முதல் 1976 வரை வந்த வி8 மாடலில் இது 3.07. நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாமல் ஓடட்டும் என்று பலர் இந்த ஆக்ஸிலை மாட்டுகிறார்கள். அதே கியர்பாக்ஸ், அதே டயர், அதே 1280 மீட்டர் என்று வையுங்கள். கேபிள் இப்போது மைலுக்கு 1005 சுற்றுதான் சுற்றும். நிஜத்தில் 60 மைல் வேகத்தில் போகும்போது முள் 47 காட்டும். முள்ளை நம்பி 70-ல் ஓட்டினால் கார் 89-ல் பறக்கும். ஐ.நா.வின் 39-வது வாகன விதி, ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் காட்டலாம், குறைவாக மட்டும் காட்டவே கூடாது என்கிறது. ஏன் என்று இதில் புரியும்.

இந்தக் காருக்கு 1000 என்று போட்ட மீட்டர் கிடைத்தால் பிழை அரை சதவீதம்தான், அதுவும் கூடுதலாகக் காட்டும் பக்கம். டயல் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

காரில் என்னென்ன மாற்றினார்கள் என்றே தெரியாவிட்டால்? எளிய வழி இருக்கிறது. மீட்டரின் பின்னால் கேபிளைக் கழற்றி, உள்கம்பியில் ஒரு அட்டை அம்பைச் செருகுங்கள். காரை நேர்கோட்டில் 52.8 அடி தள்ளுங்கள். அது ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. அம்பு எத்தனை சுற்று சுற்றியது என்று கால் சுற்று, அரைச் சுற்று விடாமல் எண்ணி நூறால் பெருக்குங்கள். வருகிற எண்தான் உங்கள் காருக்கு வேண்டிய எண். செலவு ஒரு துண்டு அட்டை, தள்ளுவதற்கு ரெண்டு நண்பர்கள், அவர்களுக்கு டீ. :-)

ஆர்.பி.எம் மீட்டர் கதை இன்னும் மோசம். அது எஞ்சினில் எத்தனை முறை ஸ்பார்க் அடிக்கிறது என்று எண்ணுகிறது. நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றில் 2 முறை, ஆறுக்கு 3, எட்டுக்கு 4. எம்.ஜி.பி-யின் அண்ணன் எம்.ஜி.சி (1967-69) ஆறு சிலிண்டர். அதன் மீட்டரைத் தூக்கி நாலு சிலிண்டர் காரில் வைத்தால், எஞ்சின் 6000-ல் கதறும்போது முள் 4000-ல் சாந்தமாக நிற்கும். எஞ்சின் போனால் யார் பொறுப்பு?

பெட்ரோல் மீட்டருக்கும் இதே கதைதான். டேங்கில் இருக்கும் மிதவையும் டேஷ்போர்டில் இருக்கும் முள்ளும் ஜோடி. அமெரிக்காவில் ஒரு வகை, டேங்க் காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 90. இன்னொரு வகை காலிக்கு 240, நிறைவுக்கு 33. முதல் வகை மீட்டரோடு இரண்டாம் வகை மிதவையைச் சேர்த்தால், காலி டேங்குக்கு முள் 'ஃபுல்'லையும் தாண்டி நிற்கும். நடுரோட்டில் நின்ற பிறகுதான் தெரியும்.

"கையில் போன் இருக்கே, ஜி.பி.எஸ் வேகத்தைக் காட்டுமே" என்பார்கள். காட்டும். ஆனால் மைல் கணக்கை யார் எழுதுவார்கள்? மேலே சொன்ன காரில் 10,000 மைல் ஓடினால் ஓடோமீட்டரில் ஏறுவது சுமார் 7,850. முள்ளை மட்டும் சரிக்கட்டினால் போதாது. முள் காந்தத்தில் ஓடுகிறது, மைல் எண்கள் பல்சக்கரத்தில் ஓடுகின்றன. முள் உண்மை சொல்ல, எண்கள் பொய்க்கணக்கு எழுதிக்கொண்டே போகலாம்.

எம்.ஜி.பி-க்கள் அதிகம் விற்ற நாடு அமெரிக்கா. அங்கே 1972-லேயே ஓடோமீட்டர் மோசடிக்கு எதிராகச் சட்டம் வந்தது. மீட்டரை மாற்றி, பழைய எண்ணை அதில் வைக்க முடியாவிட்டால், பூஜ்யத்தில் வைத்து இடது கதவுச் சட்டத்தில் பழைய மைலையும் தேதியையும் எழுதி ஒட்ட வேண்டும். ஆனால் விற்கும்போது மைலை எழுதிக் கொடுக்கும் கட்டாயத்திலிருந்து வயதான கார்களுக்கு விலக்கு உண்டு. இந்தக் கார்கள் எல்லாமே அந்த விலக்கில் அடக்கம். ஆக, வாங்குபவருக்குக் காப்பு விற்பவரின் நேர்மை மட்டும்தான்.

அசல் டயல்தான் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. டயலை வைத்துக்கொண்டு உள்ளே பல்சக்கரத்தை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேபிளுக்கு நடுவே விகிதத்தைச் சரிசெய்யும் குட்டி கியர் பெட்டியும் கிடைக்கிறது. நான் கேட்பது வரிசை: முதலில் எண், அப்புறம் முகம். மாற்றிய தேதி, அன்றைய மைல், பழைய மீட்டரின் எண், புதியதன் எண், நாலே வரி எழுதிக் காரின் காகிதங்களோடு வையுங்கள். அந்தத் தாள் இல்லாத கார் எவ்வளவு பளபளத்தாலும், அதன் மைலை நம்பி நான் ஒரு பைசா கூடக் கொடுக்கமாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள்.