வாக்களியாமையும் தலைமை வறுமையும்

கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் அணைக்கக் கிடக்கும் மணற்றிடல் உச்சமுனை. அங்கு செல்வோர் படகேறியே செல்லவேண்டும். வாக்குக் கேட்போரும் இதற்கு விலக்கல்லர். தேர்தற் காலத்தில் மட்டும் படகேறத் தெரிந்தவர்களைக் கண்டு சலித்த மீனவன், எவர் வென்றாலும் நாளை வலை இழுத்தால்தான் சோறு என்று கூறுவானாயின், அதனைச் சோம்பல் என இகழ்தல் அறியாமையாகும். அது ஒரு தீர்ப்பு. ஆயினும், வாக்குச் சாவடிக்கு வெளியே கூறப்படும் தீர்ப்பை எண்ணிப் பார்ப்பார் எவருமிலர்.

இச்சலிப்பு உச்சமுனைக்கு மட்டும் உரியதன்று. 2024 செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலில் 79.46 சதவீதமாயிருந்த வாக்களிப்பு, எட்டு வாரம் கழியுமுன் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 68.93 சதவீதமாயிற்று. முன்னர் வந்தோரிலும் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் குறைவு. சென்றோரிலும் 6 இலட்சத்து 67 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வராதோரின் கோபத்தால் ஓர் ஆசனமேனும் வெறுமையாயிற்றா? 225 ஆசனங்களும் நிரம்பின. செல்லுபடியான வாக்குகளைக் கொண்டே ஆசனங்கள் பங்கிடப்படுவதால், விலகி நிற்பவன் தன் பங்கை அயலவனுக்கு எழுதிக் கொடுக்கிறான். அவ்வயலவன் ஒரு போத்தல் சாராயத்துக்குத் தன் வாக்கை விற்றவனாயும் இருக்கலாம்.

வாக்களிப்போரும் குற்றமற்றவரல்லர். 1956 இல் சபாநாயகராகிய எச்.எஸ். இஸ்மாயிலைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி புத்தளம். 1989 முதல் விகிதாசார முறையிலான பொதுத்தேர்தல் வந்தபின் மாவட்டம் முழுவதும் ஒரே களமாயிற்று. புத்தளம், ஆனமடுவ, சிலாபம், நாத்தாண்டி, வென்னப்புவ ஆகிய ஐந்து தொகுதிகளிலும் விருப்பு வாக்குத் தேடப் பணமுள்ளவனே வேட்பாளனாகத் துணிவான். தோணி ஒன்றே சொத்தாகவுள்ள தீவு மீனவன் அதனை நினைத்தும் பார்க்கமாட்டான். புத்தளத்து முஸ்லிம்களோ, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் வாக்கால் தெரிவான தம்மவர் ஒருவரின்றி ஏங்கினர். 2020 இல் கட்சிபேதம் மறந்து தராசுச் சின்னத்தின்கீழ் ஒன்றுகூடினர். அலி சப்ரி ரஹீம் தெரிவானார். 2023 மே மாதத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவரிடம் அகப்பட்டது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தங்கமும் 91 கைத்தொலைபேசிகளும். சுங்கம் விதித்த தண்டம் 75 இலட்சம் ரூபா. தராசுக்கு வேறு வேலை கிடைத்தது போலும்!

இங்கே தவறியது ஒருவர் மட்டுமா? "நம்மவரா?" என்ற வினாவை உரத்துக் கேட்ட மாவட்டம், "எத்தகையவர்?" என்ற வினாவைக் கேட்கத் தவறியது. கற்பிட்டியைச் சார்ந்த 14 தீவுகளைச் சுற்றுலாவுக்கெனத் திட்டமிட்டபோது, அத்தீவுகளில் வாடி அடித்து வாழ்வோரின் நிலவுரிமை என்னாகும் என்பதே உயிர்நாடியான வினாவாயிருந்தது. அதற்கு விடை தரத்தக்கவரை இனம், சமயம், கட்சி என்னும் சல்லடைகளால் அரித்தெடுக்க முடியாது. படகில் வந்திறங்கும் வேட்பாளனை மணலில் நிறுத்தி, அவன் நிலைப்பாட்டை ஊரறியச் சொல்விப்பதே தக்க வழி. வாக்களிக்க மாட்டாதவன் கேட்கும் கேள்விக்கு எந்த வேட்பாளன் அஞ்சுவான்?

கற்றோரின் விலகலை மன்னிப்பது அரிது. நல்ல தலைவர் தோன்றட்டும், பின்னர் வாக்களிப்போம் எனப் பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் வாதிடுவோர், நீந்தக் கற்றபின்னரே நீரில் இறங்குவேன் என்றவனின் உறவினர். ஊருக்குச் செல்லும் பேருந்தில் நெரிசல் என்பதும் அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று.

1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் குடியேறிய முஸ்லிம்களுட் பலருக்கு வாக்குரிமை மன்னாரிலேயே இருந்தது. 2019 நவம்பர் 16 இல், நூற்றுக்கு மேற்பட்டவையெனச் செய்திகள் கூறிய பேருந்துகளில் அவர்கள் வாக்களிக்கப் புறப்பட்டனர். தந்திரிமலையருகே வீதியில் டயர்கள் எரிந்தன. பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பொலிஸார் வந்து வழியைத் திறந்தனர். பேருந்துகள் புத்தளத்துக்குத் திரும்பவில்லை. மன்னாரை நோக்கியே சென்றன.