அனுமதி கேட்பது முதலாளி, கடன்படுவது நம் பிள்ளையா?

பதிவு சற்று நீளம். வீட்டில் சிங்கப்பூர் போகக் காத்திருக்கும் பிள்ளை இருந்தால் அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கம் சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு ஆள் போகாத ஊர் குறைவு. போவதில் தவறே இல்லை. ஆனால் "பெர்மிட் செலவு, பாண்டு பணம், லெவி" என்று ஏஜெண்டு அடுக்கியதும் அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போகிறதே, அதைத்தான் கேட்கிறேன். யாருடைய செலவை யார் கட்டுவது?

சிங்கப்பூர்ச் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. வெளிநாட்டு ஆள் வேண்டும் என்று மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிப்பவர் முதலாளி. எனவே நிபந்தனைகள் எல்லாம் அவர் தலையில்தான். கட்டுமானத் துறையில், உள்ளூர் ஆள் ஒருவருக்கு 5 வெளிநாட்டவர் வரைதான் வைத்துக்கொள்ளலாம்; 2024 ஜனவரிக்கு முன்பு இது 7. நம் பிள்ளை ஒவ்வொருவனுக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்கு முதலாளி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அதையும் ரொக்கமாகக் கட்டுவதில்லை. வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ பொறுப்பேற்கும். மாதாமாதம் லெவி, ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு, வேலை முடிந்தால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, எல்லாம் அவர் கணக்கு. லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டு மட்டுமே ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் எந்தச் சட்டப்படி வாங்குகிறார்?

"ஐயா, கொடுக்காவிட்டால் அடுத்தவன் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்" என்பீர்கள். உண்மைதான். இந்த வியாபாரமே அந்தப் பயத்தில்தான் நடக்கிறது. "ஏஜெண்டு நம்ம ஊர்க்காரர், மாமன் முறை" என்பீர்கள். மாமன் என்றால் ரசீது கொடுக்கட்டுமே! பாஸ்போர்ட், திறன் தேர்வுப் பயிற்சி என்று நமக்கும் சில செலவுகள் உண்டு, மறுக்கவில்லை. அவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேட்பதில் என்ன கூச்சம்?

பணம் போவதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. பெர்மிட்டை ரத்து செய்யும் அதிகாரம் முதலாளி கையில். காலம் முடியுமுன் வேறு முதலாளியிடம் போக, பொதுவாக இவர் சம்மதம் வேண்டும். தலையில் வட்டிக் கடனும் இருந்தால் நம் பிள்ளை எப்படி வாய் திறப்பான்? ஓவர்டைம் காசு வரவில்லை என்றாலும், கையில் அடிபட்டாலும், "ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று விழுங்கிக்கொள்வான். சட்டம் அவனுக்குக் கொடுத்த உரிமையை இங்கே நாம் வாங்கிக் கொடுத்த கடன் பறித்துவிடுகிறது. ஆகவே குற்றம் அந்த ஊர் முதலாளியோடு நிற்கவில்லை. ஏஜெண்டுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் உறவினரும் இதில் பங்காளிதான். இதைப் படித்து யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

பணம் கொடுக்குமுன் மூன்று காரியம் செய்யுங்கள். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். ஐ.பி.ஏ. கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள். அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் அதில் இருக்கும், தமிழிலும் கிடைக்கும். அதில் உள்ள சம்பளத்தை அவன் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. எனவே அங்கே போனதும் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி அனுப்புங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாணவர்களே, நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்கென்று சொல்லி வாங்கினார்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். அடுத்துக் கிளம்பும் தம்பி அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.