நாலு சக்கரத்தில் ஒரு குடித்தனம்

சுங்குவார்சத்திரத்திலிருந்து சித்தப்பா டெலிபோன் செய்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. இல்லாவிட்டால், அவர் மூளையில் ஏதோ ஒரு யோசனை காய்த்திருக்கிறது. போன மாதம் அவர் கூப்பிட்டபோது முருங்கை பூக்கூட விடவில்லை. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

"ஒரு வேன் வாங்கியிருக்கேன். பழசுதான். வீடாக்கப் போறேன். வந்து பாரு!" என்றார்.

அடுத்த நிமிஷம் சித்தியின் குரல் கேட்டது. "இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிச்சு நாலு வருஷம் ஆகுது. மறக்காம அதையும் வந்து பாரு."

போனேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரம் போகிற வழியில், பெங்களூர் நெடுஞ்சாலைமேல் இருக்கிற ஊர் அது. ஒரு பக்கம் திருவள்ளூருக்கும் மறு பக்கம் வாலாஜாபாத்துக்கும் சாலை பிரிகிறது. ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்குச் சத்திரமும் சாப்பாடும் இருந்த காலத்தில், வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. இன்று சுற்றுவட்டாரம் பூராவும் தொழிற்சாலைகள். விடிவதற்கு முன்பே, ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்களும் வேன்களும் வரிசையாக ஓடுகின்றன. பக்கத்து வல்லம்-வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்காக 2024 ஆகஸ்டில் விடுதி திறந்தார்களே, இந்தக் காலத்துச் சத்திரம் என்றால் அதைத்தான் சொல்லவேண்டும்.

சித்தப்பாவின் வேனும் அந்தப் பெண்களைச் சுமந்து ஓய்ந்த வண்டிதான். பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர். அவர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பானரைக் கையில் எடுத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். நான் போவதற்குள் ஸீட் அத்தனையையும் கழற்றி முற்றத்தில் அடுக்கிவிட்டார். அவற்றின் அடியிலிருந்து சித்தி ஒரு கிண்ணம் நிறைய ஹேர்-பின் பொறுக்கி வைத்திருந்தாள். ஜன்னல் கம்பி ஓரம் முழுக்க ஒட்டுப் பொட்டுகள்: சிவப்பு, கறுப்பு, மெரூன். தூக்கக் கலக்கத்தில் யார் யாரோ நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டி வைத்தவை.

"இதைச் சுரண்டக் கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றாள் சித்தி. "எந்த ஊர்ப் பிள்ளைகளோ."

சித்தப்பாவுக்குத் தம் பக்கத்துக்கு முன்னுதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனியில் 1950-ல் போக்ஸ்வாகன் வேன் வந்தது. மறு வருஷமே வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியுமாக ஒரு பெட்டியைச் செய்து விற்க ஆரம்பித்தது. நம் நாட்டில்? 1982-ல் என்.டி. ராமராவ் தெலுங்கு தேசம் கட்சி ஆரம்பித்தபோது, பழைய ஷெவர்லே வேன் ஒன்றை மாற்றிக் கட்டி 'சைதன்ய ரதம்' என்று பெயர் வைத்தார். மகன் ஹரிகிருஷ்ணா ஓட்டினார். மாதக்கணக்கில் அதிலேயே சாப்பாடு, அதிலேயே தூக்கம், ரோட்டோரத்தில் குளியல். 1983 ஜனவரியில் முதலமைச்சராகிவிட்டார்.

"பாத்தியா? ஒரு பழைய வேன் மனுஷனை எங்கே கொண்டு போய் விட்டுது!"

"அவருக்கு ரோட்டோரமே குளிக்கப் போதும். எனக்கு?" என்றாள் சித்தி.

சித்தப்பா ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

இந்தக் கேள்விக்குப் பதில் வருமுன் இன்னொரு கேள்வி குறுக்கே வந்தது. பதிவுப் புத்தகம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆவது பிரிவின்படி, புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நாமே மாற்றக் கூடாது. புத்தகத்தில் பன்னிரண்டு ஸீட் என்று இருக்கிறது. வண்டியில் இருப்பதோ சித்தப்பாவின் முக்காலி ஒன்றுதான். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷ்யூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றினால், நாளைக்கு விபத்து என்று போய் நிற்கும்போது அவர் கையை விரிக்கலாம். வாடகைக்கு ஓடிய மஞ்சள் பலகை வண்டியானால், முதலில் பர்மிட்டை ஒப்படைத்துச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வழி இல்லாமல் இல்லை. சொந்த உபயோகத்துக்கான காம்பர் வேன் என்று தனி இனமே சட்டத்தில் உண்டு. ஆனால் முறை இதுதான்: முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், அப்புறம் ஸ்பானர். சித்தப்பா தலைகீழாகச் செய்திருந்தார். அந்தக் காகிதங்களுக்காக அவர் நடந்த நடையைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

விதிகளில் 'மோட்டார் காரவன்' என்பதற்கு ஓர் இலக்கணம் கொடுத்திருக்கிறார்கள். உட்கார ஸீட்டும் மேஜையும், படுக்க இடம், சமைக்க வசதி, சாமான் வைக்க அலமாரி. இந்த நாலும் இருந்தால் காரவன். நான் படித்துக் காட்டியதும் சித்தி கேட்டாள்: "இதிலே பாத்ரூமைக் காணோமே? எழுதினது ஆம்பிளையாத்தான் இருக்கும்."

வெளியூர்ப் பிரயாணத்தில் பஸ் எங்கே நிற்கும், அங்கே எப்படி இருக்கும் என்று பயந்து, புறப்படுவதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களுக்கு இது வேடிக்கைப் பேச்சு அல்ல. நல்ல வேளையாக, இதற்குப் பெரிய செலவு இல்லாத வழி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் இரண்டு பிளாஸ்டிக் பெட்டி. மேலே உட்காரும் இடமும் கொஞ்சம் தண்ணீரும். கீழே இருபது லிட்டர் பிடிக்கிற கழிவுத் தொட்டி, அதில் ஊற்ற ஒரு மருந்து. இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கும். பிறகு கீழ்ப் பெட்டியைக் கழற்றி முறையான கழிப்பிடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். கழுவுவது சித்தப்பாவின் வேலை என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே சித்தி பின்மூலையில் இரண்டடிக்கு இரண்டரையடி இடம் ஒதுக்கித் திரை தைக்கச் சம்மதித்தாள்.

பாரம் ஏற்றுவதில் சித்தப்பாவுக்குப் பாடம் சொல்லியது அவருடைய அப்பாவின் மாட்டு வண்டி. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகத்தடி தூக்கும். வேனுக்கும் அதே கணக்குதான். பன்னிரண்டு பேரின் எடை இறங்கியிருக்கிறதே என்று இஷ்டத்துக்கு மரத்தைப் போட்டு இழைத்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் டாங்க் என்றால் நூறு கிலோ. அதைக் கூரைமேல் வைத்தால் வளைவில் வண்டி சாய்ந்து பயமுறுத்தும். ஆகவே தரையோடு தரையாக, பின் அச்சுக்குப் பக்கத்தில். சித்தி கேட்ட கடப்பைக்கல் மேடைக்குப் பதில் மெல்லிய எவர்சில்வர் தகடு. தோசைக்கல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள். அதை நியாயம் என்று சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார்.

மின்சாரம் என்று வந்தபோதுதான் விஷயம் கனத்தது.

வண்டியைக் கிளப்பும் பாட்டரியைத் தொடக் கூடாது. வீட்டுக்கென்று தனிப் பாட்டரி வேண்டும். பன்னிரண்டு வோல்ட், நூறு ஆம்பியர்-அவர் என்றால் 1,200 வாட்-அவர். ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆக, கையில் இருப்பது 600. இருபது வாட் விசிறி இரண்டு, எட்டு மணி நேரம்: 320. ஐந்து வாட் விளக்கு இரண்டு, நாலு மணி நேரம்: 40. டெலிபோன்களுக்கு ஒரு 30. இன்வர்ட்டர் வழியாக மிக்ஸியில் ஆறு நிமிஷம் சட்னி அரைத்தால் 50. மொத்தம் 440. பகலில் கூரைமேல் சூரியத் தகடு அதைத் திரும்ப நிரப்பிவிடும். கட்டுச்செட்டான குடித்தனம்! ஆனால் சித்தப்பாவுக்கு ஏ.ஸி. வேண்டுமாம். ஆயிரம் வாட் இழுக்கிற ஏ.ஸி.யை அந்தப் பாட்டரி முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

"அதுக்குத்தான் சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு வெச்சுக்கலாம்னு..." என்று கட்டிலுக்கு அடியைக் காட்டினார். தரையில், வயர் வருவதற்கு என்று வட்டமாக ஒரு துவாரம் போட்டிருந்தார்.

"புகை?" என்றாள் சித்தி.

"அது கீழே போயிடும்."

"கீழே போனது மேலே வராதா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. எனக்கு வடகரை ஞாபகம் வந்தது.

2024 டிசம்பர் 23. கேரளத்தில், கோழிக்கோடு ஜில்லா வடகரையில், சாலையோரம் வெகு நேரமாக நின்றிருந்த காரவனைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.ஸி.க்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுவிட்டு ஓய்வெடுத்தவர்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு வண்டித் தரையிலிருந்த துவாரத்தின் வழியாக உள்ளே புகுந்தது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை செய்து சொன்னார்கள். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும். அசதி என்று நினைத்துக் கண்ணை மூடுவோம். இருமல்கூட வராது, எழுப்பிவிட.

அவர்கள் விஷயம் தெரியாதவர்களும் இல்லை. காரவன் ஓட்டுகிற தொழிலில் இருந்தவர்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது முற்றத்தில் யாரும் பேசவில்லை. சித்திதான் எழுந்து போய் அந்தத் துவாரத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். புகை அப்போதே வந்துகொண்டிருப்பது போல.

அடுப்பு விஷயத்தில் என்னைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "மதுரையிலே ரயில் பெட்டி எரிஞ்சுதே, அதுவும் இந்த மாதிரிதானே?" அதே மாதிரிதான். லக்னோவிலிருந்து யாத்ரீகர்களுடன் வந்த பெட்டி மதுரை ஸ்டேஷன் அருகே தனியாக நின்றிருந்தது. 2023 ஆகஸ்டு 26, விடியற்காலை. விதியை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த காஸ் ஸிலிண்டரை வைத்து அடுப்புப் பற்றவைத்ததில் தீ பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் தேங்குவது போலத் தரையில் தேங்கும். வீட்டில் வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் எல்லாம் இருக்கின்றன. வேனில் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலத்துக்குள் வரைபடம் மாறிவிட்டது. ஜெனரேட்டர் கிடையாது, ஏ.ஸி.யும் கிடையாது. கூரைத் தகட்டுக்கு அடியில் வெயில் இறங்காதபடி கனமான தெர்மகோல், அதன்மேல் பிளைவுட். எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கும். தரையை ஒட்டிக் காற்றுத் துவாரம் ஒன்று, கூரையில் ஒன்று. இனி வயருக்காகப் போடும் ஓட்டை எதுவானாலும் ரப்பர் வளையமும் பசையும் வைத்து அடைத்தாக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. தலைமாட்டில் கார்பன் மோனாக்ஸைடு வந்தால் கூவுகிற கருவி, கதவருகே தீயணைப்பான், பின் கதவு உள்ளிருந்தே திறக்க ஒரு கைப்பிடி. அடுப்பு வண்டிக்கு உள்ளே வேண்டாம் என்று சித்தி சொல்லிவிட்டாள். பின் கதவைத் தூக்கினால் அதுவே பந்தல். அதன் கீழே மடக்கு மேஜை போட்டுச் சமையல்.

"அப்ப சமைக்க வசதி உள்ளே வேணும்னு ரூல்லே இருக்கே?" என்றார் சித்தப்பா. அனுமதிக்காக உள்ளேயும் ஒரு மேடை இருக்கட்டும், அதில் நான் காய் நறுக்குகிறேன் என்றாள். போக்குவரத்து அலுவலகம் இதை ஒப்புக்கொள்ளுமா என்று கேட்டு வருவது என் தலையில் விழுந்தது.

காசுள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2021-ல் கேரள அரசாங்கம் காரவன் சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டபோது, இதே ஒரகடத்துப் பாரத்பென்ஸ் கம்பெனியின் பஸ் சாஸிமேல் சொகுசுக் காரவன் கட்டி வெள்ளோட்டம் விட்டார்கள். 2023-ல் வந்த நமது மாநிலச் சுற்றுலாக் கொள்கையிலும் காரவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "சாஸியெல்லாம் நம்ம ஊர்லேயிருந்து போகுது, சவாரி மட்டும் வாகமனிலேயா?" என்று ரோஷப்பட்டார்.

போன சனிக்கிழமை ஒத்திகை. காகிதங்கள் வரும்வரை வண்டியை ரோட்டில் எடுப்பதில்லை என்று நான் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆகையால் முற்றத்திலேயே, வேப்பமரத்தடியில். இரவு ஒன்பது மணிக்குப் பின் கதவுப் பந்தலில் ரவா உப்புமா. அப்புறம் இருவரும் ஜமக்காளம் விரித்துப் படுத்தார்கள். விசிறி ஓடியது, நெடுஞ்சாலையில் ஷிப்டு பஸ்கள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "காற்று நன்னா வருது," என்று பத்தரைக்குச் சித்தப்பா எனக்கு டெலிபோனில் அறிவித்தார்.

காற்றோடு கொசுவும் வந்திருக்கிறது. ஜன்னலுக்கு வலை அடிக்க இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். மூடினால் புழுக்கம், திறந்தால் கொசு. இரண்டு மணிக்குச் சித்தி தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இரண்டேகாலுக்குச் சித்தப்பாவும் வந்து கதவைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக அளந்துகொண்டிருந்தாளாம். கம்பி வலையா, நைலான் வலையா, எது துவைக்கச் சௌகரியம் என்று என்னைக் கேட்டாள். கழற்றி மாட்டுகிற நைலான்தான் நல்லது என்றேன். சட்டத்தைப் பொட்டுகளுக்கு வெளிப்பக்கமாக அடிக்க முடியுமா என்று அடுத்த கேள்வி.