ஈரலில் ஊசி குத்தாமலே நோயை அறியலாம்

மலையேறி இறங்கி உழைப்பவருக்கு ஈரலில் கொழுப்பு படியாது என்ற எண்ணம் தவறானது. நுவரெலியாவின் இரு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 18 சதவீதத்தினரிடம் ஈரல் கொழுப்பு நோயைக் கண்டது. மதுவால் வந்ததல்ல அது. அதே மலை வாழ்க்கை வாழும் பதுளை மாவட்டத்தின் பசறையும் லுணுகலையும் அப்புத்தளையும் இதை அயலூர்ச் செய்தியாகக் கருத முடியாது.

அந்தக் கொழுப்பால் ஈரல் தழும்பேறியதா என்று அறிய எல்லோருக்கும் ஊசியால் சதை எடுக்க வேண்டியதில்லை. வயது, இரண்டு ஈரல் நொதிகள், இரத்தத் தட்டு எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு 'ஃபிப்-4' எண்ணைக் கணக்கிடலாம். பொதுவாக 1.3க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. எண் அந்தந்த எல்லையைத் தாண்டியவர்களை மட்டும் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பினால் போதும்.

பரிசோதனைக்காகப் பதுளைக்கு வந்துபோனால் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். வலியே இல்லாத நோய்க்கு அவர் ஏன் வருவார்? ஆகவே அவரைப் போன்றவர்கள் ஏற்கெனவே போய்வரும் நீரிழிவு கிளினிக்குகளிலேயே இரத்தம் எடுத்து, எண்ணைக் கணக்கிட்டு, அவரவர் கொப்பியில் தமிழில் எழுதிக் கொடுக்க மாகாணச் சுகாதாரத் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும். மேல் பரிசோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படாது என்று தோட்ட நிர்வாகங்கள் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும்.